லேத்ரப் வீட்டுத் துக்க போன்

எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு போன் மாட்டியிருக்கிறது. சுருள் வயர் வைத்த பழைய போன். கூரை மாற்ற வேண்டுமா என்று கேட்கிறவர்களையும் பல் டாக்டரின் ரிசப்ஷன் பெண்ணையும் தவிர அதில் எங்களைக் கூப்பிட ஆளில்லை. பிடுங்கி எறியலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். என் கணவன் ட்ரிப் அசையவே மாட்டான். "ஆஷ்பர்ன்ல நம்ம வீட்டு நம்பர்னு இதுதான் இருக்கு, டார்லீன்" என்பான்.

ஆஷ்பர்ன் ஒரு கல்லூரி. ஆனால் என் புகுந்த வீட்டில் அதைக் கல்லூரி என்று சொன்னால் அடிக்க வருவார்கள். அது அவர்களுக்குக் குலதெய்வம். என் கணவனின் முழுப்பெயர் வின்ஸ்லோ லேத்ரப். அவன் அப்பா பெயரும் அதுதான், தாத்தா பெயரும் அதுதான். இவன் மூன்றாவது என்பதால், 'ட்ரிபிள்' சுருங்கி ட்ரிப். மூன்று வின்ஸ்லோக்களும் படித்தது ஆஷ்பர்னில். ட்ரிப் பள்ளிப் படிப்பை முடிக்கிற வருஷம் ஆஷ்பர்னுக்குத் திடீரென்று ஒரு படகுக் கொட்டகை தேவைப்பட்டது. என் மாமனாருக்கும் அதே வருஷம் படகுகள் மேல் திடீர்ப் பிரியம் வந்தது. மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நான் ஓஹையோக்காரி. டொலீடோவில் அப்பா டயர் கடை வைத்திருந்தார், நான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். கல்யாணத்தன்று மாமனார் என்னை நண்பர்களுக்கு அறிமுகப்படுத்தினார். "ஓஹையோ" என்ற இடம் வரும்போது, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அன்றைக்குப் பிடித்த சிரிப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

போன் விஷயத்துக்கு வருகிறேன். ஆஷ்பர்னில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பது மார்ச் கடைசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் வரும். ஆனால் பழைய மாணவர்களின் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு மரியாதை உண்டு. பிள்ளைக்கு இடமில்லை என்றால், இரண்டு நாள் முன்னதாக, செவ்வாய்க்கிழமையே, அட்மிஷன் டீன் வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டு அப்பாவிடம் தன் வாயால் வருத்தம் தெரிவிப்பார். பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ள அவகாசம். நான் அதற்கு வைத்த பெயர் துக்க போன். மணி அடித்தால் போச்சு. அடிக்காவிட்டால் கிடைத்தாயிற்று. எங்கள் வீட்டில் அது அதற்காக அடித்ததே இல்லை. ட்ரிப்பின் பெரியப்பா மகன் வீட்டில் ஒரு தரம் அடித்தது. அவர்கள் வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவுக்குப் போய்விட்டார்கள். இப்போது அவர்கள் பெயரைச் சொல்லும்போது, செத்தவர்களுக்குச் செய்வதுபோல மாமனார் தொப்பியைக் கழற்றுவார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் என் மகள் ஹெஸ்டர். பதினேழு வயது. பெயரைத் தவிர லேத்ரப் அம்சம் எதுவும் இல்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வேன். சின்ன வயதில் ஆஷ்பர்ன் பழைய மாணவர் விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, கல்லூரிக்குப் பின்னால் இருக்கிற சதுப்பு நிலத்தில் இடுப்பளவுக்கு விழுந்துவிட்டாள். தூக்கிவிட்டால் மறுபடி போய் இறங்குகிறாள். அன்றையிலிருந்து அவளுக்குச் சேறும் பாசியும்தான் உலகம். ஆஷ்பர்னில் அந்தச் சதுப்பிலேயே காலம் கழிக்கிற ஒரு பேராசிரியை இருக்கிறாள். அவளிடம் படிக்க வேண்டும், அவ்வளவுதான் ஹெஸ்டருக்கு. எங்கள் குடும்பத்தில் ஆஷ்பர்னுக்குள் இருக்கிற எதற்காகவோ ஆஷ்பர்ன் போக ஆசைப்பட்ட முதல் ஆள் அவள்தான்.

ஆனால் பள்ளியில் சும்மா விடுவார்களா? ராத்திரியெல்லாம் கண்விழித்துப் படித்துவிட்டுப் போனால், "உனக்கென்னடி, உங்க தாத்தாதான் கொட்டகை கட்டி வெச்சிருக்காரே" என்பார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தாள்.

"நான் செத்து செத்துப் படிச்சாலும் கொட்டகையாலதான்னு சொல்லுவாங்கம்மா. எனக்கே அப்புறம் தெரியாது, எதனால கிடைச்சுதுன்னு. அது வேணாம் எனக்கு. எனக்கு ஆஷ்பர்ன் வேணும், ஆனா என்னால கிடைக்கணும்."

பக்கத்தில் நின்றிருந்த ட்ரிப் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். நாய் அப்போதுதான் ஒரு நடை போய்விட்டு வந்து படுத்திருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் இடி விழுந்தது. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு இனிமேல் எந்தச் சலுகையும் கிடையாது என்று ஆஷ்பர்ன் அறிவித்துவிட்டது. ஹெஸ்டர் சமையலறையில் குதித்துக் குதித்து ஆடினாள். மாமனார் போராட்டத்தில் இறங்கினார்.

போராட்டம் என்றால் நிஜப் போராட்டம். கால்பந்துப் போட்டிக்குப் பழைய மாணவர்கள் கூடுகிற நாளில், ஆஷ்பர்னின் அரக்குக் கலரும் கடுகுக் கலருமாகக் கோடு போட்ட கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு கிழவர் பட்டாளம் அணிவகுத்தது. வாழ்க்கையில் ஒரு தரம்கூடத் தெருவில் இறங்கிக் கோஷம் போட்டறியாத மனிதர்கள். அட்டையை எந்தப் பக்கம் தூக்குவது என்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. மாமனார் கையில் இருந்த அட்டையில் "பேரப்பிள்ளைகளும் மனிதர்களே" என்று எழுதியிருந்தது. டீன் வீட்டு வாசல் வரைக்கும் ஆவேசமாகப் போனார்கள். டீனின் மனைவி கதவைத் திறந்து, "வெளியே குளிருதே, சூப் இருக்கு, உள்ள வாங்களேன்" என்றாள். அட்டைகளைக் குடை வைக்கிற ஜாடியில் செருகிவிட்டு எல்லோரும் உள்ளே போய்ச் சூப் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தார்கள். புரட்சி அத்தோடு முடிந்தது.

மார்ச் வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே மாமனார் கோடு போட்ட கோட்டோடு வந்து போனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ட்ரிப் ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தான். அவன் வேலை பார்ப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனியில். அதன் முதலாளி, சொல்ல வேண்டியதில்லை, ஆஷ்பர்னில் படித்தவர்.

"சலுகைதான் இல்லேன்னுட்டாங்களே மாமா, நீங்க ஏன் இவ்வளவு பதறுறீங்க?" என்றேன்.

"சலுகை போகும், வரும். மரியாதை போகாதும்மா. இடமில்லேன்னா டீன் கூப்பிட்டே தீரணும். அதுதான் ஆஷ்பர்ன்."

முதல் மணி அடித்தபோது ட்ரிப் கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே போட்டான். கூரைக்காரன். அடுத்த மணிக்கு மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பல் டாக்டரின் ரிசப்ஷன் பெண். "சுத்தம் பண்ணிக்க வரணும், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டவளை, "உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?" என்று திட்டிவிட்டு வைத்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் அந்தப் பழைய போனில் தனியாக ஒரு ஸ்பீக்கரை மாட்டி எப்போதும் போட்டு வைத்திருப்போம். அந்தப் பெண் திகைத்து மூச்சு விட்டது வரைக்கும் எங்களுக்குக் கேட்டது.

பள்ளிவிட்டு வந்த ஹெஸ்டர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க மூணு பேரையும் எங்கேயாவது காட்டணும்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். ஆனால் அறைக் கதவைச் சாத்தவில்லை. அவளும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஐந்து மணி ஆயிற்று. ஆஷ்பர்ன் ஆபீஸ் மூடுகிற நேரம். போன் அடிக்கவில்லை. மாமனார் எழுந்து நின்றார். கண்ணில் தண்ணீர்.

"நாலாவது லேத்ரப்!" என்று கத்தினார்.

மறுநாள் புதன்கிழமையே விருந்து. நான் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன், முடிவு வரட்டும் மாமா, ஒரு நாள் பொறுங்கள் என்று. அவர் காதில் ஏறவில்லை. சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். லாப்ஸ்டர் வைத்த பன், ஷாம்பெயின், ஆஷ்பர்ன் முத்திரையில் இருக்கிற சிங்கம் அப்படியே க்ரீமில் படுத்திருக்கிற பெரிய கேக். ஹெஸ்டர் முதலில் முறைத்துக்கொண்டுதான் நின்றாள். "நாளைக்குத்தானே தாத்தா தெரியும்" என்று இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், தாத்தா கொடுத்த அரக்குக் கலர் மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, யாரோ ஒரு கிழவருக்குப் பாசி வகைகளைப் பற்றி உற்சாகமாக வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். சலுகை இல்லாத வருஷத்தில் கிடைத்த இடம். அதனால் தன் இடம். 

கேக்கில் கத்தி வைக்கப் போகும்போது போன் அடித்தது.

அத்தனை பேரும் போன் பக்கம் திரும்பினார்கள். ட்ரிப் போய் எடுத்தான்.

"மிஸ்டர் லேத்ரப்ங்களா? வணக்கம் சார், நான் ஆஷ்பர்ன் காலேஜ்லேர்ந்து பேசறேன்" என்றது ஒரு இளம் பெண்ணின் குரல், ஸ்பீக்கரில், வீடு முழுக்க.

ட்ரிப்பின் முகத்தில் ரத்தம் சுண்டிப் போயிற்று. அந்தப் பெண் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் ஆரம்பித்துவிட்டான். இருபத்திரண்டு வருஷம் அவனோடு குடித்தனம் நடத்துகிறேன். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"இல்லம்மா, சொல்லாதே. தயவுசெஞ்சு ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு. நீங்க தப்பான லேத்ரப்பை வேணாங்கறீங்க. வேணாம்னு சொல்லியிருக்க வேண்டியது என்னை. ஸ்கூல்ல நான் வாங்கினது அத்தனையும் சி கிரேடு. கெமிஸ்ட்ரில அதுகூட இல்லை. எங்கப்பா கொட்டகை கட்டினார், நான் உள்ள வந்தேன். என்னை எல்லாரும் கொட்டகைன்னுதான் கூப்பிட்டாங்க. 'ஏய் கொட்டகை, உப்பை இந்தப் பக்கம் தள்ளு.' நாலு வருஷமும் கடைசி பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு, யாராவது வந்து எழுந்திரு, உன் எடம் இது இல்லைன்னு சொல்லுவாங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். யாரும் சொல்லலை. அதுதான் கொடுமை. என் பொண்ணு அப்படி இல்லம்மா. அவளுக்குப் பாசியைத் தொட்டுப் பார்த்தே பேர் சொல்லத் தெரியும். உங்க சதுப்புல அவ விழுந்தப்ப அழலை, சிரிச்சா. நான் அங்கே ஒரு நாள்கூட அப்படிச் சிரிச்சதில்லை. நீங்க வேணா என் டிகிரியைத் திருப்பி எடுத்துக்குங்க. அவளைச் சேர்த்துக்குங்க."

போனில் ஏதோ காகிதம் புரளும் சத்தம் கேட்டது. 

"சார்..." என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "நான் யெசெனியா. ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். இந்த வருஷ நன்கொடைக்காகத்தான் கூப்பிட்டேன். வேணா நான் அப்புறம் பேசட்டுங்களா?"

யாருக்கோ ஷாம்பெயின் புரையேறியது. மாமனார் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனருகே போனார்.

"நன்கொடை கிடக்கட்டும்மா. நேத்து டீன் கூப்பிடலை. கூப்பிடலேன்னா எங்க பொண்ணுக்குக் கிடைச்சாச்சுன்னுதானே அர்த்தம்?"

"ஓ, அந்த போனா சார்? அதை நிறுத்திட்டாங்களே. சலுகையை எடுத்தப்பவே அதையும் எடுத்துட்டாங்க. எல்லாருக்கும் ஒண்ணா நாளைக்கு சாயங்காலம்தான் தெரியும்." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "உங்க மகளைப் பத்தி நீங்க சொன்னது நல்லா இருந்துது சார். எங்கப்பாவும் என்னைப் பத்தி போன்ல இப்படித்தான் யாரையாவது பிடிச்சு வெச்சுக்கிட்டுப் பேசுவாரு" என்றாள்.

"போன வருஷம் எவ்வளவோ அதையே போட்டுக்கோம்மா" என்றார் மாமனார். அந்த நேரத்திலும் அந்தப் பழக்கம் மட்டும் தானாக வேலை செய்தது.

விருந்தாளிகள் தரையைப் பார்த்துக்கொண்டே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் ஒருவர் என் கையைப் பிடித்து, "மனசைத் தேத்திக்கோங்க" என்றார். யார் செத்துப் போனது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஹெஸ்டர் மஃப்ளரைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அழவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சி-யாப்பா?"

"கெமிஸ்ட்ரி டி" என்றான் ட்ரிப்.

"எனக்கு யாருமே சொல்லலையே" என்றார் மாமனார், அடிபட்ட குரலில்.

"உங்களுக்குத் தெரியாமலா அப்பா கொட்டகை கட்டினீங்க?" என்றான் ட்ரிப்.

மாமனார் கேக் சிங்கத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்காக எங்கப்பா ஆஷ்பர்னுக்கு டென்னிஸ் கோர்ட்டு போட்டுக் கொடுத்தார்" என்றார். "எனக்கு டென்னிஸும் வராது." ஹெஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே போய் அப்பாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம், யாரும் கூட வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, காரில் தனியாகப் போய் உட்கார்ந்து பார்த்தாள். நாங்கள் ஜன்னல் வழியாக அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னந்தலையை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே வந்தாள்.

"இல்லையாம்."

மாமனார் அடுத்த நொடியே எழுந்துவிட்டார். "ஒண்ணும் பயப்படாதே. சாண்டிதான் இப்ப ட்ரஸ்டி போர்டுக்குத் தலைவன். நாலு வருஷம் எனக்கு ரூம்மேட். சலுகை இல்லேன்னு ஊருக்குத்தான் சொல்லுவான். நான் ஒரு வார்த்தை சொன்னா போதும்." ரிசீவரைக் கையில் எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் டயல் டோன் ஓடியது.

ஹெஸ்டர் எகிறுவாள், தாத்தாவைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் எகிறவில்லை.

"கூப்பிட்டா கிடைச்சிடுமா தாத்தா?" என்று கேட்டாள். குழந்தைக் குரலில்.

 உண்மையைச் சொல்கிறேன், இத்தனை நாள் இவர்களைப் பார்த்துச் சிரித்த ஓஹையோக்காரி நான், "கூப்பிடுங்க மாமா" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். என் பிள்ளை ஆசைப்பட்ட இடம். சதுப்பு கண்முன்னே இருக்கிறது, ஒரு போன் தூரத்தில். அந்த நேரத்தில் ஊர் நியாயம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ட்ரிப்தான் பேசினான். "கிடைக்கும் ஹெஸ்ஸி. எனக்குக் கிடைச்சுதே. நீ வேணும்னு சொன்னா நானே நம்பரைப் போட்டுத் தர்றேன், உன் மேல எனக்குக் கோபமே வராது. ஆனா அந்தச் சதுப்புல நீ நிக்கும்போது, தாத்தாவும் சாண்டியும் கூடவே பூட்ஸ் மாட்டிக்கிட்டு நிப்பாங்க. வெளியே போங்கன்னு உன்னால சொல்ல முடியாது. எனக்கு அம்பத்தோரு வயசாகுது, இன்னும் என்கூட நிக்கிறாங்க."

டயல் டோன் நின்று, ரிசீவரைக் கீழே வைக்கச் சொல்லும் அந்த அலறல் ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஹெஸ்டர் சொன்னாள், "வெச்சிடுங்க தாத்தா."

வைத்தார். அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து, மிச்சமிருந்த கேக்கைத் தட்டோடு எடுத்து, தரையில் உட்கார்ந்துகொண்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சிங்கத்தின் தலையைத் தின்றாள்.

மாமனார் அவள் பக்கத்தில் சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார். "போன் பண்றதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியாதும்மா" என்றார். அந்த மனிதரை அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது.

ஏப்ரலில், அவளுக்கு இடம் கொடுத்திருந்த ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தைப் பார்க்க மெய்ன் மாநிலத்துக்குப் போனோம். முன்னால் கார் நிறுத்துமிடம், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் சதுப்பு. ஆஷ்பர்ன் சதுப்பெல்லாம் இதன் பக்கத்தில் குளியல் தொட்டி. சுற்றிக் காட்ட வந்த பெண் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். ஹெஸ்டர் அந்த பூட்ஸை ஏக்கமாகப் பார்த்தாள்.

"உங்க வீட்டுல இதுக்கு முன்னாடி யாராவது இங்கே படிச்சிருக்காங்களா?" என்று பேச்சுவாக்கில் கேட்டாள் அந்தப் பெண்.

"ஒருத்தரும் இல்லை" என்றாள் ஹெஸ்டர். "நான்தான் முதல்."

சொல்லிவிட்டு, இன்னொரு தரம் யாராவது கேட்க மாட்டார்களா என்பதுபோலச் சுற்றிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற எந்த லேத்ரப் படத்திலும் பார்த்ததில்லை. இரண்டு பேரும் பலகைப் பாதையில் முன்னால் போனார்கள். கொஞ்ச தூரத்தில் ஹெஸ்டர் ஷூவைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.

ட்ரிப் நின்றுவிட்டான். மகளைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் கண்ணில் இருந்தது பெருமை மட்டும் இல்லை. பொறாமை. அப்பட்டமான பொறாமை.

"டார்லீன்" என்றான் மெதுவாக. "இங்கே என் வயசு ஆளுங்களையும் சேர்த்துக்குவாங்களா?"

"சேர்த்துக்குவாங்க. ஆனா ட்ரிப், பழைய மார்க்கெல்லாம் கேப்பாங்க."

"கேக்கட்டும்" என்றான். "யாராவது கேக்கட்டும்."